சேக்காட்டில், நாலாம் அதிகாரம் வரை

பெண் கேட்கப் போகிறவன் தாம்பாளம், பழம், பூ என்று தூக்கிக்கொண்டு போவான். நான் ஒரு பெட்டி நிறைய பிஸ்கட்டையும், மூட்டு அறுவை செய்துகொண்டு கட்டிலில் கிடக்கும் என் மனைவி மேரியின் எச்சரிக்கைகளையும் தூக்கிக்கொண்டு மலேசியாவின் கிள்ளானிலிருந்து சென்னையில் வந்து இறங்கினேன். "அங்க போய்த் தமாஷ் பண்ணிக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க" என்பது அந்த எச்சரிக்கைகளில் முதலாவது. அதை விமான நிலைய வாசலிலேயே மீறிவிட்டேன்.

என்ன செய்வது, அழைக்க வந்த ஏழுமலை கொண்டுவந்த வண்டி அப்படி. பெண்ணின் அப்பா அவர். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஓட்டும் தன் ஷேர் ஆட்டோவையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். முன் கண்ணாடியில் 'கர்த்தர் என் மேய்ப்பர்'. பின்னால் 'முருகன் துணை'.

"வண்டி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கு?" என்று கேட்டேன்.

"முன்னாடி ஊட்டுக்காரம்மா டிபார்ட்மென்ட் சம்பந்தி. பின்னாடி என்னுது. நடுவுல டீசல் கீது. ஏறு, போலாம்!"

கிள்ளானில் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். ஒருவன் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற விதத்திலேயே அவன் குணத்தைச் சொல்லிவிடுவேன். ஏழுமலை நல்ல மனுஷர், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். வேலப்பன்சாவடி வந்ததும் கல்லூரி விட்டு நின்ற பெண்களைப் பார்த்தவுடன் கை தானாக பிரேக்கைப் பிடித்தது. "பாவம் சம்பந்தி, வெயில்ல நிக்குதுங்க" என்றார். ஐந்து பெண்கள் ஏறினார்கள். என் பெட்டி என் மடிக்கு வந்தது, ஒருத்தியின் பை என் பெட்டிமேல் வந்தது, அதற்குமேல் அவளுடைய டிபன் பாக்ஸ். பெண் கேட்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஆவடிக்குப் போய்ச் சேர்ந்தது அந்தக் கோலத்தில்தான்.

விஷயம் இதுதான். ஏழுமலையின் மகள் ஜெமிமா அம்பத்தூரில் கணினி வேலை பார்க்கிறவள். கம்பெனி வேலையாகக் கோலாலம்பூருக்கு வந்தவளை, அங்கே வேலை பார்க்கும் என் மகன் ஜோயல் சந்தித்தான். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. எங்களுக்கும் அவளைப் பிடித்துவிட்டது. மேரிக்கு மீன் தலைக் கறியை எப்படிச் சாப்பிடுவது என்று புதுப்பாடம் எடுத்த பெண் அவள். ஆனால் போகும்போது, "எங்கம்மா சரின்னு சொன்னாத்தான் மாமா. இல்லன்னா இல்ல" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சரியை வாங்கத்தான் நான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பியாக வேண்டும், மேரியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை.

ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் முதல் மாடியில் அவர்கள் வீடு. ஜெமிமாவின் அம்மா எஸ்தர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைகளைச் சோதித்து அனுப்பும் வேலை. ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்ணில் படும். என்னையும் அப்படித்தான் பார்த்தார், காலரிலிருந்து ஆரம்பித்து.

"வாங்க பிரதர்" என்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழுமலை வாய்க்கு வாய் சம்பந்தி என்கிறார், அந்த அம்மா பிரதர் என்கிறார். ஏழுமலை ஒவ்வொரு தடவை சம்பந்தி என்னும்போதும் அவர் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. எனக்கு விளங்கிவிட்டது. அந்த அம்மா வாயிலிருந்து சம்பந்தி என்ற சொல் வந்துவிட்டால் நான் ஜெயித்தேன். வராவிட்டால் பிஸ்கட் போச்சு.

சாப்பாடு முடிந்ததும் எஸ்தரே பேச்சை எடுத்தார். "பிரதர், உங்க பையனைப் பத்திக் குறையே இல்ல. ஆனா ஒரே பொண்ணு. கடல் தாண்டி அனுப்பணும்னா கர்த்தர் எனக்கு ஒரு வார்த்தை கொடுக்கணும். தினம் காலையில வேதம் வாசிக்கிறோம், அதுல பேசுவார். பேசினா அனுப்பறேன். பேசலன்னா நீங்க மனசு சங்கடப்படக் கூடாது."

"தாராளமா, மா" என்றேன் பெருந்தன்மையாக. எனக்கென்ன தெரியும்? கிள்ளானில் எனக்குக் கிடைக்கிற வேத வார்த்தை, காலையில் கைபேசியில் ரோஜாப்பூ, சூரிய உதயத்தோடு வந்து இறங்கும். கும்பிடும் கை ஒன்றை அனுப்பிவிட்டுப் பசியாறப் போய்விடுவேன். எல்லா நாளும் நல்ல வார்த்தைதான் வரும். பயப்படாதே, திகையாதே, ஆசீர்வதிப்பேன். அதில் ஒன்று இந்த அம்மாவுக்கும் வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அதிகாலை ஐந்தரைக்கு எழுப்பினார்கள். பாய் விரித்து நாலு பேரும் உட்கார்ந்தோம். ஏழுமலை சாமி கும்பிடுகிறவர்தான், இருந்தாலும் மனைவிக்காக ஜெபத்தில் உட்காருவார். திருநீறு பூசிய நெற்றியோடு கண்ணை மூடி, எல்லோருக்கும் முன்னால் "ஆமென்" என்பார். பாதி ஜெபத்திலேயே சொல்லிவிடுவார். காபி அதற்கப்புறம்தான் என்பதால் வந்த அவசரம்.

வீட்டுக்கு வந்த விருந்தாளிதான் வாசிக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கமாம். எஸ்தர் தடித்த கறுப்புப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக. சிவப்பு ரிப்பன் எங்கே இருக்கிறதோ அங்கே ஆரம்பிக்க வேண்டும். திறந்தேன். ஒன்று நாளாகமம், முதலாம் அதிகாரம்.

விவரம் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அந்தப் புத்தகத்தின் முதல் ஒன்பது அதிகாரமும் பெரும்பாலும் பேர்கள்தான். வெறும் பேர்கள். ஆதாம், சேத், ஏனோஸ் வரை கம்பீரமாகப் போனேன். மகலாலெயேலில் நாக்கு சுளுக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் இவனைப் பெற்றான், இவன் அவனைப் பெற்றான். திருப்பத்துக்குமேல் திருப்பமாக மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிற மாதிரி வியர்த்தது. ஜெமிமா வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டிருந்தாள். முடித்து நிமிர்ந்தபோது ஏழுமலை, "ஆமென். இன்னா சம்பந்தி, இம்மாம் பேரா! நம்ம ஏரியாவுல கூட இத்தினி பேர் கெடையாது" என்றார்.

நான் எஸ்தரின் முகத்தையே பார்த்தேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் தெரியல பிரதர்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

"கொஞ்சம் தள்ளி வாசிக்கலாமே, மா? சங்கீதப் புத்தகம் மாதிரி?" என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"வரிசைய விட்டுக் கண்ட இடத்துல தொறந்தா அதுக்குப் பேரு கிளி ஜோசியம் பிரதர். வடகறி இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

அந்த வடகறியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். கடலைப்பருப்பை அரைத்து, வேகவைத்து, உதிர்த்து, சோம்பு மணக்கக் குழம்பாக்கி, இட்லிமேல் ஊற்றுகிறார்கள். எங்கள் ஊரில் ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக்குழம்பு நல்லதுதான். ஆனால் இதற்குமுன் அது வாயைத் திறக்கக் கூடாது. நான் ஏழாவது இட்லியில் இருக்கும்போது மேரி கூப்பிட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் பேர் வாசிச்சிக்கிட்டு இருக்கோம்."

"எந்தப் பேர்? கல்யாணப் பத்திரிகைக்கா?" என்று பாவம் சந்தோஷப்பட்டாள்.

அன்று முழுக்க ஏழுமலையின் வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றினேன். எனக்கு ஒரு வியாதி தொற்றிக்கொண்டது. கண்ணில் படுகிற வசனத்தையெல்லாம் வாசித்தேன். சுவர், ஆட்டோ, தண்ணீர் லாரி, மருந்துக்கடைப் பலகை, ஒன்றை விடவில்லை. இந்தப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒரு பேருந்து நிறுத்தச் சுவரில் 'இதோ, சீக்கிரமாய் வருகிறேன்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, "காலையிலேர்ந்து இதத்தான் படிச்சுகினு கீறேன், பஸ்ஸு வந்த பாடில்ல" என்று சொல்லி எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார்.

பூந்தமல்லியில் பிரியாணி சாப்பிடப் போனோம். கல்லாவுக்குப் பின்னால் வசனம் போட்ட தினசரி காலண்டர். நிமிர்ந்து பார்த்தேன், 'உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார்'. போக்கு! வரத்து! இதைவிட என்ன வேண்டும்? கையில் இருந்த எலும்பைப் போட்டுவிட்டு எழுந்தேன். "இதைப் படம் பிடிங்க, வீட்டில காட்டணும். இன்னைக்கு வசனம்!"

கல்லாவில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது போன வாரத்து தேதி சார். கிழிக்கிற பையன் லீவு" என்றார்.

ஏழுமலை சிரித்த சிரிப்பில் அடுத்த மேஜைக்காரர் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை இரண்டாம் அதிகாரம். மறுபடியும் பேர்கள், நேற்றைவிட அதிகம். எஸ்தருக்கு மறுபடியும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது, "நீங்க நேத்தவிட நல்லா வாசிச்சீங்க பிரதர்" என்றார். எனக்கு ஒரே குஷி. பள்ளிக்கூடத்தில் கூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்தக் குஷியில் அம்பத்தூர் வரைக்கும் தனியாக மின்சார ரயிலில் போய், ஜெமிமாவின் ஆபீசை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, ஒரு டீயைக் குடித்தேன். எங்கள் ஊரில் தே தாரிக் என்று ஆற்றித் தரும் டீயின் ஒரு குவளைக்குள் இந்த டீ நாலு நீச்சலடிக்கும், ஆனால் திடம் இதில்தான். திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. மறுநாளும் நல்ல பேர் வாங்க வேண்டுமே என்று, கைபேசியில் வேதத்தைத் திறந்து மூன்றாம் அதிகாரத்தை முன்கூட்டியே வாய்விட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். ஆவடி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நான் சாலொமோனின் பிள்ளைகளில் இருந்தேன். ரயில் மறுபடி கிளம்பியது. இன்னும் ஒரு நிறுத்தம் போலிருக்கிறது என்று நாலாம் அதிகாரத்துக்குப் போனேன்.

அங்கேதான் அவன் இருந்தான். பேர்களுக்கு நடுவில் திடீரென்று ஒரு கதை. யாபேஸ் என்று ஒருவன், தன் எல்லையைப் பெரிதாக்கும்படி தேவனிடம் கேட்கிறான், கேட்டதை அவர் கொடுக்கிறார். இந்த ஜெபத்தை எத்தனையோ வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆசாமி இந்தப் பேர்க்காட்டுக்குள் குடியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எல்லையைப் பெரிதாக்கும்! கடல் தாண்டிப் போகிற பெண்ணுக்கு வேறென்ன வார்த்தை வேண்டும்? நாளைக்கு மூன்று, சனிக்கிழமை நாலு. நான் எழுந்து நின்று "அல்லேலூயா!" என்று கத்தினேன்.

பெட்டியில் ஒருவருமில்லை. வெளியே நடைமேடையும் இல்லை. இருபுறமும் காலி ரயில்கள். அண்ணனூர் பணிமனைக்குள் என்னையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள்.

துடைப்பத்தோடு ஏறிய ஒரு தொழிலாளி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "யோவ் பெர்சு, இன்னா இங்க குந்திகினு கீற? வண்டி கழுவ வந்துக்கீது!"

"படிச்சிக்கிட்டே கவனிக்கலைங்க."

அவர் என் கைபேசியை எட்டிப் பார்த்தார். "இன்னா அது, ஃபுல்லா பேரா கீது? வோட்டர் லிஸ்ட்டா?"

"ஏறக்குறைய" என்றேன்.

"உன் பேரு கீதா அதுல?"

"வரும்னு நினைக்கிறேன் அண்ணாத்தே" என்று சொல்லி அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் என்னைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டாமல் வெளியே போகும் வழியைக் காட்டினார். நான் குடித்திருக்கிறேன் என்றே கடைசிவரை நம்பினார்.

வீட்டில் அப்பாவிடமும் மகளிடமும் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். ஜெமிமா குதித்தாள். "சனிக்கிழமை! மாமா, சனிக்கிழமை!" ஏழுமலைக்கு யாபேஸ் யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் நல்லவன் என்று ஒப்புக்கொண்டார். அந்த நேரம் பார்த்து எஸ்தர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சனிக்கிழமை வீட்ல ஜெபம் இல்ல. நான் விடிகாலையிலயே சபைக்கு உபவாச ஜெபத்துக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை எப்பவும்போல ஆராதனை. இனி திங்கட்கிழமைதான் வீட்டு ஜெபம்" என்றார்.

திங்கட்கிழமை நான் கிள்ளானில் இருப்பேன்! என் முகம் போன போக்கைப் பார்த்து, ஏழுமலை வாசலுக்குக் கூட்டிப்போனார். "கவலப்படாத சம்பந்தி. நாளிக்கு மூணு தானே வர்ணும்? நாலு வந்துடும். நான் பாத்துக்கறேன்."

"எப்படி?"

"ரிப்பன் இன்னா சிமெண்ட்டுலயா நட்டு வெச்சுகீது?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "பார்த்து" என்று மட்டும்.

வெள்ளிக்கிழமை காலை. புத்தகம் என் கைக்கு வந்தது. ஏழுமலை என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்தேன். நாளாகமத்தைக் காணோம். ரிப்பன் கிடந்த பக்கத்தில், எங்கேயோ பின்னால் வர வேண்டிய புத்தகம், புலம்பல் என்று கொட்டை எழுத்து.

எஸ்தர் கண்ணை மூடிக் காத்திருந்தார். "வாசிங்க பிரதர்."

"மா, வந்து..."

"வாசிங்க."

வாசித்தேன். ஜனம் நிறைந்திருந்த நகரம் இப்படித் தனிமையாக உட்கார்ந்திருக்கிறாளே என்பது முதல் வரி. விதவையைப்போல் ஆனாளே என்பது அடுத்தது.

"யோவ்!" என்று ஏழுமலை பாயைவிட்டு எழுந்துவிட்டார். "நான் இன்னும் உசுரோடதான்யா கீறேன்!"

எஸ்தர் கண்ணைத் திறந்தார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். சட்டையில் விட்டுப்போன தையலைப் பார்க்கும் அதே பார்வை. "ரிப்பனை யாரு தொட்டது?"

"எலியா இருக்கும்."

"எலிக்கு யாபேஸ் மேல என்ன பாசம்?"

மூன்று பேரும் கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம். ஏழுமலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ராத்திரி எடுத்தாராம், ரிப்பன் வழுக்கி வெளியே வந்துவிட்டதாம், மனைவி இருமுகிற சத்தம் கேட்டதாம், கிடைத்த சந்தில் செருகிவிட்டு ஓடிவந்தாராம். "எல்லாம் ஒரே புக்கு தானேன்னு நெனச்சேன்" என்றார்.

திட்டு விழும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். நிமிர்ந்தால் எஸ்தர் அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"பிரதர், நாலாம் அதிகாரம் சனிக்கிழமை வருதுன்னு நீங்க வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். எத்தனை தடவை இதை வாசிச்சு முடிச்சவ நான்! உபவாச ஜெபத்துக்கு நான் போனதே இல்ல, சனிக்கிழமை எனக்கு அர நாள் வேலை. லீவு போட்டுட்டு இந்த வாரம் போறேன்னு சொன்னேன். அந்த வார்த்தை வந்துடுமோன்னு பயந்து ஓடினேன் பிரதர். நீங்க வசனத்தை இழுத்துட்டு வரப் பாத்தீங்க, நான் ஒளிஞ்சுக்கிட்டேன். நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இப்ப வாசிச்சீங்களே, தனியா உட்கார்ந்திருக்கான்னு. அதுதான் என் பயம். இவ போயிட்டா இந்த வீட்ல நான் யார்கூட பேசுவேன்?"

"நான் கீறேனே" என்றார் ஏழுமலை மெதுவாக.

"நீ கீற. டிவியும் கீது" என்றார் எஸ்தர். அவர் ஏழுமலையின் பாஷையில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஏழுமலை விடவில்லை. "என்னக் கட்டிக்க சொல்லோ நீ எந்த வசனத்தப் பாத்த? சொல்லு பாப்போம்."

"ஒண்ணும் பாக்கல. அதனாலதான் இத்தனை வருஷமா புலம்பறேன்" என்றார் எஸ்தர். ஜெமிமா அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்ததில் இரண்டு பேரும் பாயில் சாய்ந்துவிட்டார்கள். வாய்விட்டுச் சொல்கிறேன், அந்த வீட்டை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது, பெண் கிடைக்காவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

எஸ்தர் எழுந்து உட்கார்ந்தார். ரிப்பனை அதன் இடத்தில் வைத்தார். "இன்னைக்கு மூணு. நாளைக்கு வீட்லயே நாலு. ஆனா நாளைக்கு நான் வாசிப்பேன்."

மூன்றாம் அதிகாரத்தைத் தடுக்காமல் வாசித்தேன். ரயிலில் பழகியது வீண்போகவில்லை.

சனிக்கிழமை. எஸ்தர் லீவு போட்ட நாளில் வீட்டிலேயே பாயில் உட்கார்ந்தார். நான் கிள்ளானுக்குப் போன் போட்டு, மேரி கேட்கும்படி நடுவில் வைத்தேன். எஸ்தரின் குரல் சீராகப் போனது. பேர், பேர், பேர். யாபேஸ் வந்தான். ஜெமிமா என் முழங்கையைப் பிடித்தாள். ஏழுமலை ஆமென் சொல்ல வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்.

எஸ்தர் நிறுத்தவில்லை. அதே சீரில் அவனைத் தாண்டிப் போய்விட்டார்! எல்லை பெரிதானது, கேட்டது கிடைத்தது, அடுத்தவன் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான். ஏழுமலை திறந்த வாயை மூடவில்லை. சிமியோனின் பிள்ளைகள் வந்தார்கள், அவர்கள் ஊர்கள் வந்தன, மறுபடி பேர்கள். முடிந்தது கதை, பிஸ்கட் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரத்தின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் குரல் தயங்கியது. நின்றது. அந்த இடத்தை மறுபடி வாசித்தார். அந்த ஜனங்கள் தங்கள் ஆடுகளுக்கு மேய்ச்சல் தேடி, பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கம்வரை போனார்கள். அங்கே நல்ல மேய்ச்சலைக் கண்டார்கள். தேசம் விசாலமாகவும் அமைதியாகவும் சுகமாகவும் இருந்தது.

"பிரதர்" என்றார் எஸ்தர், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க ஊரை முழுசா எப்படிச் சொல்வாங்க?"

"கிள்ளான், மா."

போனிலிருந்து மேரி கத்தினாள். "கிள்ளான் பள்ளத்தாக்குன்னு சொல்லுங்க! பள்ளத்தாக்கு!"

"எந்தத் திசையில இருக்கு?"

"கிழக்கே" என்றேன்.

சத்தியமாக நான் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், நாலாம் அதிகாரத்தின் வால் பக்கம். யாபேஸையே பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தரும் அந்த வரியைப் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை, ஜெமிமா பார்க்கவில்லை. எத்தனையோ தடவை வாசித்த எஸ்தரும் பார்த்ததில்லையாம்.

"இத்தனை வருஷம் இது இங்கதான் இருந்திருக்கு" என்றார். உள்ளங்கையை அந்தப் பக்கத்தின்மேல் வைத்துக்கொண்டார். "யாபேஸ் வந்தப்போ எனக்கு ஒண்ணுமே தோணல. உண்மையச் சொல்லணும்னா, அப்பாடான்னுகூட இருந்துச்சு. தப்பிச்சேன்னு நெனச்சு வாசிச்சிட்டே வந்தேன்." மிச்ச வசனங்களையும் விடாமல் வாசித்தார். போனவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தவர்களை அடித்துவிட்டுக் குடியேறினார்கள் என்று வருகிறது.

"அங்க போய் சண்ட வேற போட்டானுங்களா?" என்றார் ஏழுமலை.

"அது நமக்கு இல்ல" என்றார் எஸ்தர் கண்டிப்பாக. புத்தகத்தை மூடினார். ஜெமிமாவின் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஏழுமலை இந்த ஒரு முறை ஆமெனை அவசரப்படுத்தவில்லை. எல்லோரும் சொன்ன பிறகு, தனியாக, கடைசியாகச் சொன்னார்.

பிறகு எஸ்தர் எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். சரி என்றாரா, இல்லையா? யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லையே! போனில் மேரி, "என்னங்க? என்னங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "காபிக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் சம்பந்தி?"

ஏழுமலை என்னைத் தூக்கிவிட்டார். நிஜமாகவே தூக்கினார், எனக்கு வயது அறுபத்திரண்டு. ஜெமிமா போனில் அத்தை அத்தை என்று அலறினாள். நான் எத்தனை ஸ்பூன் என்று சொன்னேனோ தெரியாது. காபி பாயசமாக வந்தது, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் எஸ்தர் சாட்சி சொன்னார். எலி வந்ததையும் விடாமல் சொன்னார். சபை சிரித்தது. பின்வரிசையில் திருநீறோடு உட்கார்ந்திருந்த எலி தலையைச் சொறிந்துகொண்டது. மத்தியானம் நெத்திலி வறுவல், மீன் குழம்பு. சாயங்காலம் அதே வண்டியில் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். பிஸ்கட் பெட்டியில் இப்போது கருவாடு இருந்தது. வேலப்பன்சாவடியில் ஏழுமலையின் கை பிரேக்குக்குப் போனபோது, எஸ்தர் பின்னாலிருந்து கிள்ளினார்.

இறங்கும்போது அவரிடம் கேட்டேன். "வீட்டில தனியா இருக்கணுமேன்னு பயந்தீங்களே, மா?"

"பயம் போகல சம்பந்தி. ஆனா அதுக்கு ஒரு வழி யோசிச்சிருக்கேன்" என்றார். என்ன வழி என்று சொல்லவில்லை. கூட்டத்தில் என்னைத் தள்ளிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை கிள்ளானில் என் வீட்டில், மேரிக்குக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு நானும் பசியாற உட்கார்ந்தேன். எட்டு மணி. வழக்கம்போல ரோஜாப்பூவும் சூரிய உதயமும் கைபேசியில் வந்து இறங்கின. கும்பிடும் கையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. படத்தில் சேக்காட்டுப் பாய், அதில் மூன்று பேர், ஒருவர் நெற்றியில் திருநீறு. அங்கே மணி ஐந்தரை.

"சம்பந்தி, புத்தகம் எடுத்தாச்சா?" என்றார் எஸ்தர். "அஞ்சாம் அதிகாரம். இனிமே தினமும் நீங்கதான் வாசிக்கிறீங்க. இவ அங்க வந்தப்புறமும் இதே நேரம், இதே போன்."

எடுத்துத் திறந்தேன். மேலிருந்து கீழே பார்த்தேன். முழுக்கப் பேர்கள்.